பொன்னுக்குப் பெயர் வைத்த கண்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். உரையின் இடையே சொன்ன சில கிளைச்செய்திகள் அச்சுக்காகச் சுருக்கப்பட்டுள்ளன.)



சொற்பிறப்பு பற்றிப் பேச வருகிறவர் நூறு சொற்களைத் தொட்டுச் செல்வது எளிது. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதற்குப் பல மக்கள் என்னென்ன பெயர் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று நின்று பார்ப்பதே பயன் தரும் என்று கருதினேன். நான் எடுத்துக்கொண்ட பொருள் தங்கம்.

தங்கம் விலை உயர்ந்தது. அரசர்களும் கோயில்களும் அதைச் சேர்த்து வைத்தன. அதற்காகப் போர்கள் நடந்தன. ஆகவே அதன் பெயரிலேயே அருமை, செல்வம், மதிப்பு என்னும் பொருள் பொதிந்திருக்க வேண்டும் என்று நாம் இயல்பாக நினைத்துவிடுகிறோம். என் கருத்து இதற்கு நேர்மாறானது. வேர் இன்னதென்று தெளிவாகக் காட்டக்கூடிய மொழிகளில் பார்த்தால், தங்கத்தின் பெயர் மஞ்சளிலிருந்து பிறந்திருக்கிறது, அல்லது ஒளியிலிருந்து பிறந்திருக்கிறது, அல்லது உலோகம் என்னும் பொதுச்சொல்லாக இருந்து பின்னர் தங்கத்துக்கு உரியதாகியிருக்கிறது. விலை அந்தப் பெயரைப் பெற்றெடுக்கவில்லை. பெயர் நிலைத்த பிறகே விலை வந்து அதில் ஏறிக்கொண்டது. இதை நான்கு கூறுகளாக நிறுவ முயல்கிறேன். பின்னர் எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

1. முதலில் மஞ்சள். ஆங்கிலத்தின் கோல்ட், ரஷ்ய மொழியின் ஸோலட்டா, லாத்விய மொழியின் ஸெல்ட்ஸ், வேதமொழியின் ஹிரண்யம், அவெஸ்தாவின் ஜரன்ய, பாரசீகத்தின் ஜர் ஆகிய அனைத்தும் இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் ஒரே வேரில் கிளைத்தவை என்பது மொழியியலாளர்கள் ஐயமின்றி ஏற்ற முடிவு. அந்த வேரின் பொருள் மஞ்சள்; சில கிளைகளில் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். இதை மெய்ப்பிக்கத் தங்கத்தின் பெயர்களை மட்டும் பார்த்தால் போதாது. அதே வேர் வேறு எந்தெந்தப் பொருள்களுக்குப் பெயர் கொடுத்தது என்று பார்க்க வேண்டும். வடமொழியில் மஞ்சள் கிழங்குக்கு ஹரித்ரா என்று பெயர். அது இந்த வேர். கிரேக்கத்தில் பித்தநீருக்குக் கொலே என்று பெயர். அதுவும் இந்த வேர். அந்தக் கொலேயோடு தொடர்புடைய சொல்தான் காலரா என்று நம் ஊர்வரை வந்தது. வெளிர்பச்சை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் குளோரோஸ். 1810-இல் ஹம்ப்ரி டேவி ஒரு வாயுவுக்கு அதன் நிறம் கருதிக் குளோரின் என்று பெயர் வைத்தபோது இந்த வேரைத்தான் எடுத்தாண்டார். மஞ்சள் நிறக் கனிமம் ஒன்று உண்டு, வடமொழியில் ஹரிதாலம். நம் கூத்தர்கள் முகத்தில் பூசிய அரிதாரம் என்ற சொல் அதன் தமிழ் வடிவம். அதே கனிமத்துக்கு ஈரானிய மொழியில் பொன்னிறமானது என்னும் பொருளில் வழங்கிய பெயர் சிரியாக் மொழி வழியாகக் கிரேக்கத்துக்குப் போய், இன்று ஆர்சனிக் என்ற நஞ்சின் பெயராக நிற்கிறது. பித்தநீர், மஞ்சள் கிழங்கு, அரிதாரம், நஞ்சு, தங்கம் ஆகிய ஐந்தையும் ஒரே வேர் குறித்திருக்கிறது என்றால், அந்த வேரைக் கையாண்டவர்கள் மனத்தில் விலை இருந்திருக்க இடமே இல்லை. கண் பார்த்த நிறம் மட்டுமே இருந்தது.

2. அடுத்தது ஒளி. லத்தீனில் தங்கம் அவ்ரும். வேதியியலில் தங்கத்தின் குறியீடு அதன் முதலிரண்டு எழுத்துகளே. பிரெஞ்சின் ஓர், இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் வழங்கும் ஓரோ ஆகியவை அதன் வழிவந்தவை. அவ்ரும் என்பதன் பழைய வடிவில் ரகரம் இல்லை, சகரம் இருந்தது. பண்டை இத்தாலியின் சபைனியர் அவ்சும் என்று சொன்னதாகப் பழைய லத்தீன் அகராதி மரபே பதிவு செய்திருக்கிறது. இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்த சகரம் லத்தீனில் ரகரமாகத் திரிந்தது. அந்தச் சகர வடிவத்தை வைத்துப் பார்த்தால் உறவுகள் புலப்படுகின்றன. லத்தீனில் விடியல் தேவதை அவ்ரோரா. வேதத்தில் விடியல் உஷஸ். நம் கோயில்களில் உஷத்காலப் பூசை என்கிறோமே, அந்த உஷஸ்தான். விடிகாலைக் கீழ்வானம் எரிவது போல ஒளிர்வது என்பதே இப்பெயரின் அடிப்படை.

இங்கே ஒரு செய்தியை நின்று கவனிக்க வேண்டும். லிதுவேனியமும் லாத்வியமும் அக்காள் தங்கை மொழிகள். அடுத்தடுத்த நாடுகளில் பேசப்படுபவை. லிதுவேனியத்தில் தங்கம் அவுக்ஸாஸ், ஒளியின் வேர். லாத்வியத்தில் ஸெல்ட்ஸ், மஞ்சளின் வேர். கிரேக்கமோ இரண்டையும் விட்டுவிட்டு அயல்மொழியில் கடன் வாங்கியது. ஆக, இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் தங்கத்துக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே பழம்பெயர் கிடையாது. ஆனால் வடமொழியின் அயஸ், லத்தீனின் அய்ஸ் என்று செம்பையோ வெண்கலத்தையோ குறித்த உழைக்கும் உலோகத்தின் பெயர், தொலைதூரக் கிளைகளிலும் ஒன்றாக நிலைத்திருக்கிறது. விலைமதிப்பே பெயரைத் தீர்மானித்திருந்தால் முதலில் ஒன்றாகி நிலைத்திருக்க வேண்டியது தங்கத்தின் பெயர். நிலைத்தது கோடரிக்கும் கத்திக்கும் பயன்பட்ட உலோகத்தின் பெயர். தங்கம் மென்மையானது, அதில் கருவி செய்ய முடியாது. ஆற்று மணலில் உருக்காமலே கிடைத்தது, துருப்பிடிக்கவில்லை, கறுக்கவில்லை. கண்ணுக்கு இன்பம் என்பதைத் தவிர அதற்கு அன்று வேறு வேலை இல்லாததால், கண்ட கண்ட மக்கள் தாம் கண்டதையே பெயராக்கினார்கள்.

3. மூன்றாவது கூறு தமிழோடு நெருங்கியது; இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். சில மொழிகளில் தங்கத்தின் பெயர் முதலில் உலோகம் அனைத்துக்கும் பொது. சீனத்தின் ஜின் என்ற சொல் இதற்குப் பெரிய சான்று. மேலைச் சௌ மரபினரின் வெண்கலக் கலங்களில் பொறித்த எழுத்துகளில் ஜின் என்றால் அந்த வெண்கலமே. அவ்வகை எழுத்துகளுக்கு இன்றும் ஜின்வென், அதாவது உலோக எழுத்து, என்று பெயர். ஏறத்தாழப் பொது ஆண்டு 100-இல் சூ ஷென் தொகுத்த ஷுவோவென் அகராதி ஜின்னை ஐந்து நிற உலோகம் என்று விளக்கி, அவற்றுள் மஞ்சளைத் தலைமையானது என்கிறது. அதன்படி வெள்ளி வெண்மையான ஜின், செம்பு சிவப்பு ஜின், இரும்பு கறுப்பு ஜின், ஈயம் நீலப்பசுமை ஜின். ஜப்பானியமும் தன் சொந்தச் சொற்களில் இதே முறையைக் கையாள்கிறது: தங்கம் கொகானே, மஞ்சள் உலோகம், வெள்ளி ஷிரொகானே, வெள்ளை உலோகம், செம்பு அககானே, இரும்பு குரொகானே. சுமேரியத்தில் ஒளிரும் உலோகத்துக்குக் கூ என்று பெயர். அதோடு வெண்மை சேர்ந்தால் வெள்ளி, மஞ்சள் சேர்ந்தால் தங்கம்.

இவற்றோடு தமிழை வைத்துப் பாருங்கள். வெண்பொன் என்றால் வெள்ளி. கரும்பொன் என்றால் இரும்பு. ஐந்து உலோகங்களைக் கலந்து வார்த்தால் ஐம்பொன். சீனரும் சுமேரியரும் தமிழரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் இதைச் செய்யவில்லை. ஒரே உலோகச் சொல்லை வைத்துக்கொண்டு நிற அடையால் வகைப்படுத்தும் வழக்கம் தனித்தனியாகவே தோன்றியிருக்கிறது. அதனால்தான் இச்சான்றுக்கு வலிமை கூடுகிறது. தமிழில் மற்ற உலோகங்களின் தனிப்பெயர்களும் நிறம் பற்றியவை. வெள் என்பதிலிருந்து வெள்ளி, செம்மையிலிருந்து செம்பு, இருளோடு உறவுடைய இரும்பு. இவ்வரிசையில் பொன் மட்டும் நிறத்தைச் சொல்லவில்லை, ஒளியைச் சொல்கிறது. செய்யுளில் பொன் என்பது பொலம் என்று வரும் என்பதைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் விதியாகவே சொல்லியிருக்கிறது. பொலம், பொலிவு, பொலிதல் ஆகிய சொற்களைப் பக்கத்தில் வைத்தால், பொன் என்பது பொலிவது என்று தெளிவாகும். பொலிவு எல்லா உலோகத்துக்கும் உண்டு. தீட்டிய இரும்பும் பொலியும்.

இதற்குத் தமிழில் நான் காணும் மிகச் சிறந்த சான்று திருக்குறளின் 931-ஆம் குறள். சூதில் கிடைக்கும் வெற்றியை வள்ளுவர் அங்கே மீன் விழுங்கும் தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடுகிறார். அந்த முள்ளைப் பொன் என்ற சொல்லால் சுட்டுகிறார். பரிமேலழகர் அதற்கு இரும்பு என்றே உரை கண்டார். சூதாடி வெல்வது பொன், மீன் விழுங்குவதும் பொன். ஆகவே புலவர் சொல்விளையாட்டுக்காக இச்சொல்லைத் தேர்ந்தார், இதை மொழிவழக்குக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்று ஒருவர் தடை எழுப்பலாம். விளையாட்டு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்பவர் காதில் பொன் என்ற சொல் இரும்பையும் குறிக்கும் என்றிருந்தால்தான் அந்த விளையாட்டு பலிக்கும். பொன் என்பதன் அடிப்படைப் பொருள் விலையுயர்ந்தது என்பதாக இருந்திருந்தால், ஓர் இரும்பு முள்ளை எந்தப் புலவராலும் அப்பெயரால் அழைத்திருக்க முடியாது. ஒரு சொல்லின் பழைய அகலத்தையும் புதிய குறுக்கத்தையும் ஒரே இடத்தில் வைத்துக் காட்டியிருக்கும் அந்தக் குறளைப் படிக்கும்தோறும் வள்ளுவரின் சொல்லறிவு என்னை வியக்க வைக்கிறது.

உலோகம் என்ற பொதுமை முந்தியதா, தங்கம் என்ற சிறப்பு முந்தியதா என்பது அடுத்த கேள்வி. கன்னடத்தில் பகரம் ஹகரமாகி ஹொன்னு ஆனதும், மலையாளத்தின் பொன்னும், தங்கத்தையே முதன்மையாகக் குறிக்கின்றன. ஆகவே சிறப்புப் பொருளும் மிகப் பழையதே. எது முந்தியதாயினும் என் வாதம் மாறாது: இரண்டுக்கும் அடியில் இருப்பது பொலிவு. சிங்களத்தில் தங்கத்தை ரத்ரன் என்கிறார்கள். ரன் என்பது பொன், ரத் என்பது சிவப்பு. நம் செம்பொன்னும் அதே அமைப்பு. நிறத்தைச் சேர்த்துச் சொல்லி நிறைவடைவது அண்டை மொழிகளிலும் இயல்பாக இருக்கிறது.

4. நான்காவது கூறு கடன்சொற்கள். இங்கே சந்தையின் கை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். கிரேக்கத்தின் க்ருசோஸ், அக்காதிய மொழியின் ஹுராஸு, ஃபினீசியரின் ஹ-ர-ஸ் ஆகியவற்றோடு ஒத்த செமித்தியச் சொல். மைக்கேல் வெண்ட்ரிஸ் 1952-இல் படித்தறிந்த லீனியர் பி என்னும் பழங்கிரேக்க எழுத்தில் அது கு-ரு-சோ என்று காணப்படுகிறது. ஆகவே மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கடன். மஞ்சள் வேர் கிரேக்கரிடம் இல்லாமல் இல்லை, குளோரோஸ் அவர்களுடையதே. பொருள் கப்பலில் வந்ததால் பெயரும் கப்பலில் வந்தது. ஃபின்னிய மொழியில் செம்புக்கு வஸ்கி என்ற சொந்தப் பழஞ்சொல் இருக்க, தங்கத்துக்குக் குல்தா என்று ஜெர்மானியத்திலிருந்து கடன். ஃபின்லாந்தின் வடக்கே இவாலோ ஆற்றில் தங்கம் உண்டே என்று கேட்கலாம். அங்கே மக்கள் திரண்டு அரித்தது 1870-இல்தான். அதற்கு வெகு முன்பே அயலார் கையால் வந்த நகையோடு பெயர் வந்துவிட்டது. ஹங்கேரியரின் அரன்யு ஈரானியரிடம் பெற்றது. ஆனால் இந்தக் கடன்களைப் பின்தொடர்ந்து பிறந்த வீட்டுக்குப் போனால் என்ன கிடைக்கிறது? குல்தாவின் பிறந்த வீட்டில் மஞ்சள்; அரன்யுவின் பிறந்த வீட்டிலும் மஞ்சள். சந்தை பெயரைச் சுமந்து சென்றது, அவ்வளவே.

இனி எதிர்வாதங்கள். வலிமையானது மெக்சிகோவிலிருந்து வருகிறது. அஸ்தெக்குகளின் நாவாட் மொழியில் தங்கத்துக்குத் தெயோகுயித்லாத்ல் என்று பெயர். தெய்வத்தின் கழிவு என்று பொருள். தெய்வம் என்று சொன்னபின் அதில் மதிப்பு இல்லையா? இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். முதலாவது, அதே சொல் வெள்ளிக்கும் உரியது. மஞ்சள் என்ற அடை சேர்ந்தால்தான் தங்கம், வெள்ளை சேர்ந்தால் வெள்ளி. சீனத்திலும் தமிழிலும் கண்ட அதே முறை. இரண்டாவது, அம்மக்கள் தங்கத்தைவிடப் பச்சைக்கல்லையும் கெட்சால் பறவையின் இறகையும் உயர்வாகப் போற்றினார்கள். எனவே அப்பெயர் அப்பொருளின் பிறப்பைப் பற்றிய நம்பிக்கையைச் சொல்கிறது. சந்தை மதிப்பைச் சொல்லவில்லை. என் கருத்துக்கு மிக நெருங்கி வந்து இடிக்கும் சான்று இதுவே என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுமேரியக் கூவுக்குத் தூய்மை, புனிதம் என்ற பொருள்களும் உண்டே என்பது இதைப் போன்ற இன்னொரு தடை. மெசபொத்தேமியாவில் விலை பேசியது வெள்ளியில். கூ என்று தனியாகச் சொன்னாலே பெரும்பாலும் வெள்ளி. மதிப்புத்தான் பெயர் வைத்தது என்றால் அங்கே அது வெள்ளிக்கு வைத்த பெயராகிவிடுகிறது; தங்கம் அதன் மஞ்சள் உடன்பிறப்பாகப் பின்னால் நிற்கிறது. வடமொழியின் சுவர்ணம் நல்ல நிறம் உடையது என்று பொருள்படும். நல்ல என்பது மதிப்பீடுதான். ஆனால் மதிப்பிடப்படுவது நிறம்.

மற்றொரு வகைத் தடை, ஒலியை வைத்துப் புனையும் கதைகளால் வருவது. அரபியில் தங்கம் தஹப். போய்விட்டான் என்னும் வினைக்கும் அதே மெய்கள். கையில் நிற்காமல் போவதால் தஹப் என்று சொல்வது உண்டு. தமிழில் தங்குவதால் தங்கம் என்று சொல்வோர் உண்டு. ஒரே உலோகம் ஓரிடத்தில் போவதாலும் இன்னோரிடத்தில் தங்குவதாலும் பெயர் பெற்றது என்றால், அவை அந்தந்த மக்கள் செல்வத்தைப் பற்றிக் கொண்ட எண்ணங்களே தவிர வேர்கள் ஆகா. தாய்லாந்தின் தோங் என்ற சொல்லை நம் தங்கத்தோடு இணைத்து மகிழ்வதும் இத்தகையது. தோங் செம்பைக் குறிக்கும் சீனச் சொல்லோடு உறவுடையது. தாய் மொழியில் சிவப்புத் தோங் என்றால் இன்றும் செம்புதான். ஒலி ஒத்திருப்பதைக் கண்டவுடன் உறவு கொண்டாடுவது தமிழுக்குப் பெருமை சேர்க்காது. ஒலிமாற்ற விதியும், இடைப்பட்ட வடிவங்களும், பொருள் நகர்ந்த வழியும் காட்டினால்தான் உறவு. இதில் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று இளம் ஆய்வாளர்களை வேண்டிக்கொள்கிறேன்.

விலை எப்போது சொல்லில் ஏறுகிறது? பெயர் நிலைத்து, அந்தப் பொருள் நாணயமான பிறகு. போலந்தின் பணம் ஸ்லோட்டி, பொன்னாலானது. நெதர்லாந்தின் பழைய பணம் குல்டன், அதே பொருள். கன்னட ஹொன்னு நாணயப் பெயராகி, மராத்தியில் ஹோன் ஆனது. பிறகு அன்பு ஏறுகிறது: ஃபின்னியர் காதலரைக் குல்தா என்று அழைக்கிறார்கள், நாம் குழந்தையைத் தங்கமே என்கிறோம். மஞ்சள் என்று பொருள்பட்ட ஒரு வேர் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது.

கடைசியாக, தமிழைப் பற்றி எழக்கூடிய ஒரு கேள்வி. பொருளோடு பெயரும் வரும் என்றால், யவனரின் பொன் இங்கே குவிந்தபோது அவர்களின் சொல் ஏன் வரவில்லை? ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறது என்று ரோம எழுத்தாளர் பிளினி வருந்தினார். யவனர் கலங்கள் பொன்னொடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் 501 ரோமப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் அரசன் முகத்தின் குறுக்கே உளிவெட்டு. ஆனால் அவ்ரும், க்ருசோஸ் எதுவும் தமிழில் நுழையவில்லை. காரணம், தென்னகத்தில் கோலார், ஹட்டி பொன்வயல்கள் இருந்தன. இங்கே பொன்னைக் கண்டு, அதற்குப் பெயர் வைத்து, எடையும் மாற்றும் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. வெளியிலிருந்து வந்தவை காசின் பெயர், அளவின் பெயர், வேலைப்பாட்டின் பெயர் மட்டுமே. பாரசீக ஜர் நம் புடவைக் கரையில் சரிகையானது. கிரேக்கர் எடைக்கு வைத்த ஒரு விதையின் பெயர், அரபி வழியாக நடந்து காரட் ஆனது; நாம் அதே வேலைக்குக் குன்றிமணியையும் மஞ்சாடியையும் வைத்திருந்தோம். பிரிட்டன் 1817 முதல் அச்சிட்ட சாவரின் காசு நம் நகைக்கடைகளில் 8 கிராம் எடைக்குப் பெயராகிச் சவரன் என்று வழங்குகிறது, பவுண்டு பவுனாயிற்று. யாழ்ப்பாணத்துத் திருமண வீட்டில் தாலிக்கு எத்தனை பவுண் என்று பேசி முடித்து, நல்ல நாள் பார்த்து, பொற்கொல்லரை வரவழைத்துப் பொன்னை உருக்குகிறார்கள். அந்தச் சடங்குக்குப் பெயர் பொன்னுருக்கல்.